அட்வான்ஸுக்கு ஒரு வீடு

நாய்க்கு ஒரு வீடு பார்க்க வேண்டும் என்ற பேச்சு வந்ததும் மகனும் மருமகளும் சாவிக்காரம்மாவைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? ஊரில் பாதிப் பேரைக் குடி வைத்தவள் அவள். வாடகை வீட்டுப் புரோக்கர். இடுப்பில் சாவிக்கொத்து, கக்கத்தில் குடை, காலில் ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. கூப்பிட ஆளில்லாமல் அது அவளுக்கே அந்நியமாகிவிட்டது.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்த கதையே ஒரு கூத்து. கணவர் பஸ் டிரைவர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் தங்கமான மனுஷன், வீட்டுக்காரரைப் பார்த்தால் மட்டும் ஆகாது. தண்ணீர் விடவில்லை என்று ஒரு சண்டை, சுவரில் ஆணி அடிக்காதே என்றதற்கு ஒரு சண்டை, மாடியிலிருந்து ஈரத்துணி சொட்டியதற்கு ஒரு சண்டை. சண்டை முடியும்போது தட்டுமுட்டுச் சாமானெல்லாம் வண்டியில் ஏறியிருக்கும். இப்படி மாறி மாறிக் குடியிருந்ததில், எந்தத் தெருவில் எந்த வீடு எந்தப் பக்கம் ஒழுகும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஒரு நாள் அந்த மனுஷன் டிப்போவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவில்லை. கையில் ஒரு பிள்ளை. தெரிந்த வேலை வீடு மாறுவது ஒன்றுதான். அதையே பிழைப்பாக்கிக்கொண்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, தொழிலில் கெட்டிக்காரி. ஆள் வருவதற்கு முன்னாலேயே போய் ஜன்னல்களைத் திறந்து வைப்பாள். குழாயைத் திருகித் துருத்தண்ணீர் போகும்வரை ஓடவிடுவாள். முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன பழைய காலண்டர், கிழிந்த பாய், துடைப்பக்கட்டை எதுவும் கண்ணில் படக்கூடாது. வீடு துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருக்க வேண்டும், பெயின்ட் வாசனை மூக்கில் ஏற வேண்டும். 'காலி வீடுதான் பெரிய வீடு' என்பது அவள் கண்டுபிடித்த சட்டம். "காத்தைப் பாருங்க, வெளிச்சத்தைப் பாருங்க, ரோட்டு முகப்பு பாருங்க" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணி வற்றிப்போனதுதான் மிச்சம். இப்போது மாடிப்படி என்றாலே முட்டி வலி முன்னால் ஏறி நின்றுகொள்கிறது. மாடி வீடுகளுக்குச் சாவியை மட்டும் கொடுத்து, "நீங்க பார்த்துட்டு வாங்க, நான் கீழேயே இருக்கேன்" என்கிறாள். பார்த்துவிட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே பேரம் முடியுமா முடியாதா என்று சொல்லிவிடுவாள்.

நாய் வந்ததும் ஒரு காலி வீட்டிலிருந்துதான். எட்டு வருஷம் இருக்கும். குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போனார்கள், நாயை மட்டும் எடுத்துப்போகவில்லை. பெயின்ட் அடிக்க வந்தவர்கள் விரட்டியிருக்கிறார்கள், துடைப்பத்தால் அடித்துக்கூடப் பார்த்திருக்கிறார்கள். அசையவில்லை. சாவிக்காரம்மா ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தால், புதுப் பெயின்ட் மினுமினுக்கிற சமையலறை மூலையில் முதுகில் வெள்ளைச் சொட்டுகளோடு உட்கார்ந்திருக்கிறது. நாய் இருக்கிற வீட்டை யார் எடுப்பார்கள்? வந்தவர்கள் முகம் சுண்டிப்போய்த் திரும்பினார்கள். அவளுக்கு வந்த கோபத்தில் அதைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "ரெண்டு நாளைக்குத்தான்டா, அவங்க வந்து கேப்பாங்க" என்றாள் மகனிடம்.

அவன் அப்போது படித்துக்கொண்டிருந்தான். "வீட்டு அட்வான்ஸையே கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுட்டுப் போயிடறாங்க. இதையா கேட்டு வரப்போறாங்க?" என்றான். அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது. அட்வான்ஸ். கேட்டு ஒருத்தரும் வரவில்லை. பகலெல்லாம் அவள் ஊர் சுற்ற, அது வாசலில் காத்திருக்கும். அவள் வந்து காலை நீட்டினால் அவள் கட்டிலடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த உலகம்.

மகன் இப்போது லிஃப்ட் மெக்கானிக். மருமகள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். கீழ்த்தளத்தில் மூன்று அறை வீடு, அதுவும் வாடகைதான். பேத்திக்கு ஒரு வயசு முடிந்ததிலிருந்து வீசிங். குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்டும். ஆவி பிடிக்கிற மெஷினை வாங்கி வைத்திருந்தார்கள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வீட்டுக்குள்ள நாய் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

மருமகள் அதைச் சொல்வதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். "நான் நாய் வேணாம்னு சொல்லல அத்தை. உள்ள வேணாம். வெளியில இருக்கட்டும்."

"இருக்கட்டும்மா. பாப்பாவை விடவா?" என்றாள் சாவிக்காரம்மா. வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள். ஆனால் அட்வான்ஸுக்கு அதை யார் புரியவைப்பது? கதவைச் சாத்தியதும் பிறாண்ட ஆரம்பித்தது. பிறகு ஊளை. விடியும்வரை விட்டு விட்டு. குழந்தை விழித்துக்கொண்டு அழுதது, அழுததில் இருமல் வந்தது, இருமலில் மூச்சு இழுத்தது. மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் காலையில் படியிறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் நாயை ஒரு பார்வை, இவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று சாவிக்காரம்மாவுக்குத் தெரியாதா?

மகன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே பேசினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மரக்கடைக்காரர் ஒரு நாய் கேட்டுட்டிருக்கார்மா. ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்."

"என்னடா சொல்ற?"

"தூக்கமில்லாம போய் பத்தாவது மாடியில கயிறு பிடிச்சுட்டு நிக்கிறேன். கை தவறிச்சுன்னா? நானும் மனுஷன்தானேம்மா."

மரக்கடையை அவளுக்குத் தெரியும். அங்கே இருக்கிற காவல்காரருக்கு அறை பார்த்துக் கொடுத்தவளே அவள்தான். முந்தைய நாயைச் சங்கிலியில் கட்டியிருந்த இடத்தில் புல் பூண்டு இல்லாமல் வட்டமாகத் தரை தேய்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவு வட்டம்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அது வெளியில படுக்கப் பழகிச்சுன்னா?" என்று கேட்டாள்.

"பழகினா இருக்கட்டும். எனக்கென்ன அதுமேல விரோதமா?" என்றான். குரல் உடைந்துதான் வந்தது. பாவம், அவன் வைத்த பெயர்தானே அதற்கு.

அன்றைக்கே வேலையை ஒதுக்கிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனாள். மீன்தொட்டி, கிளிக்கூண்டு, நாய்ச்சங்கிலி எல்லாம் விற்கிற கடை. உள்ளே நாலைந்து நாய் வீடுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முதலில் மூலையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் கூண்டைக் காட்டினார். மூடி சரியாக உட்காராத கூண்டு. சாவிக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. மட்டமானதை முதலில் காட்டினால்தான் அடுத்தது மாளிகையாகத் தெரியும். இது அவளே செய்கிற வேலை.

"நாய் எவ்வளவு உயரம் இருக்கும்மா?"

"முட்டிக்குக் கொஞ்சம் கீழ."

"அப்போ இது போதும்" என்று ஒரு சின்ன மரவீட்டைத் தட்டிக் காட்டினார். சாய்ந்த கூரை, குனிந்து நுழைகிற வாசல். நாய் உள்ளே போனால் எழுந்து நிற்கலாம், ஒரு சுற்றுச் சுற்றலாம், சுருண்டு படுக்கலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

'இதுக்குப் பேர் வீடா? பீரோ' என்று நினைத்துக்கொண்டாள். அவள் கண் பக்கத்தில் இருந்ததில் விழுந்திருந்தது. முன்னால் சின்னதாக ஒரு வராந்தா, இரண்டு பக்கமும் திறந்து மூடுகிற ஜன்னல், மூன்று நாய் தாராளமாகப் படுக்கலாம். கடைக்காரர் அவள் கண்ணைப் பிடித்துக்கொண்டார். உடனே சரக்கு மாறியது, பேச்சும் மாறியது. "நல்ல பீஸும்மா. காலையில கூட ஒருத்தர் பார்த்துட்டுப் போனார். சாயங்காலம் வரேன்னிருக்கார்."

அடப்பாவி! இந்த வசனத்தை அவள் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாள்! காலையில் வந்த ஒருத்தர், சாயங்காலம் வருகிற ஒருத்தர். அப்படி ஒருத்தர் உலகத்திலேயே கிடையாது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தெரிந்தும் அவள் மனசு பதறியது. வாங்கிவிட்டாள். தொழில்காரி தொழில்காரரிடம் ஏமாறுவதைப் போல ஒரு கேவலம் உண்டா?

வீடு லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. எங்கே வைப்பது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில், திறந்த வெளியில், வாசல் தெருவைப் பார்க்க வைத்தாள். ரோட்டு முகப்பு. இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டாள். போதாததற்கு உள்பக்கமும் ஒரு கோட்டிங் பெயின்ட் அடித்தாள். அட்வான்ஸ் இத்தனை நாள் படுத்திருந்த பழைய போர்வையைக் கண்ணில் படாமல் கட்டிலுக்கடியில் தள்ளினாள். துடைத்துவிட்ட மாதிரி காலியாக வைத்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது.

"வா, வந்து பாரு. காத்தைப் பாரு, வெளிச்சத்தைப் பாரு" என்று கூப்பிட்டாள்.

பக்கத்து வீட்டு டெய்லர் மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "என்னக்கா, பார்ட்டிக்குப் பிடிச்சிருக்கா? வீட்டுக்காரர் கண்டிஷனெல்லாம் சொல்லிட்டீங்களா?" என்றார்.

பார்ட்டி வந்தது. வாசலில் மூக்கை நீட்டி மோந்தது. ஒரு தும்மல் போட்டது. வாலைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் போய், சாத்தியிருந்த வீட்டுக் கதவில் உடம்பை ஒட்டிக்கொண்டு படுத்துவிட்டது. டெய்லர் சிரித்த சிரிப்பில் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

பிஸ்கட்டை உள்ளே போட்டாள். முன்னங்கால் இரண்டை மட்டும் வைத்து, கழுத்தை நீட்டி எடுத்து, வெளியே வந்து தின்றது. மகன் சாயங்காலம் வந்து இரண்டு கையாலும் தூக்கி உள்ளே விட்டு வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டான். உள்ளே அது கடைசி மூலையில் போய் நின்றுகொண்டு நடுங்கியது. படுக்கவே இல்லை. ஜன்னல் பக்கம் ஒரு பார்வை, வாசல் பக்கம் ஒரு பார்வை, மறுபடி ஜன்னல் பக்கம். அவன் எழுந்த மறுகணம் தெறித்து வெளியே வந்து கதவைப் பிறாண்டியது. மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும் அதே கதை. சாவிக்காரம்மா கெஞ்சினாள், மிரட்டினாள், "சனியனே, உனக்குத்தான்டா செய்யிறேன்" என்று அழாத குறையாகக் கத்தினாள். ஒன்றும் பலிக்கவில்லை. வீட்டில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லோர் கண்ணும் சிவந்து வீங்கிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு வேலை இருந்தது. துணிக்கடையில் பில் போடுகிற பெண் ஒருத்தி வீடு கேட்டிருந்தாள். கணவன் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. சாவிக்காரம்மா நல்ல மாடி வீடாகப் பார்த்து வைத்திருந்தாள். பெரிய ஹால், இரண்டு பக்கமும் பால்கனி. அன்றைக்கு முட்டியைச் சபித்துக்கொண்டே தானும் ஏறினாள். "காத்தைப் பாருங்க" என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண் ஹாலுக்கு நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குக்கா" என்றாள். அந்த 'தான்' போதும், இது முடியாது என்று தெரிந்துபோனது.

"வேற எதாவது இருக்காக்கா? சின்னதா இருந்தாலும் பரவாயில்ல."

ஒன்று இருந்தது. யாரிடமும் காட்டவே வெட்கப்படுகிற ஒரு பின்பக்கத்து அறை. வீட்டுக்காரர் சமையலறைக்கு ஒட்டினாற்போல ஒரு அறை, ஒரு ஓரத்தில் அடுப்பு மேடை. ஜன்னல் ஒன்றே ஒன்று. முன்பு இருந்தவர்களின் அலமாரி வேறு அப்படியே கிடந்தது. அந்தப் பெண் உள்ளே போனாள். ஒன்றையும் சுற்றிப் பார்க்கவில்லை. நேராகப் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"இதுவே போதும்க்கா."

"அட, என்னம்மா நீ! அங்க அவ்வளவு காத்தும் வெளிச்சமும் இருக்கு, இந்தப் பொந்துல வந்து..."

"அவ்வளவு பெரிய இடத்துல நானும் குழந்தையும் மட்டும் படுத்தா நாலு பக்கமும் பார்த்துட்டே கிடக்கணும்க்கா. தூங்கின மாதிரிதான்." சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டது, யாரோ யாரையோ திட்டினார்கள். அவள் சிரித்தாள். "கேட்டீங்களா? இது போதும் எனக்கு. முதுகுக்குப் பின்னால ஆள் இருக்காங்கல்ல."

சாவிக்காரம்மா சாவியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அந்தப் பெண் என்னென்னவோ கேட்டாள், இவளும் ஏதோ பதில் சொன்னாள். மனசு அங்கே இல்லை. தெருவுக்கு வந்து, பூட்டியிருந்த ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அடிப்பாவி, என்ன காரியம் பண்ணியிருக்கிறாய்! எட்டு வருஷத்துக்கு முன்னால் அதைத் தனியாக விட்டுவிட்டு எல்லோரும் போன இடம் எப்படி இருந்தது? காலியாக இருந்தது, பெயின்ட் நாறியது. அதே காலியை, அதே பெயின்ட்டைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்து, தெருவைப் பார்க்க நிறுத்தி, 'வா வந்து இரு' என்றால் எந்த ஜீவன் வரும்? முப்பது வருஷமாக வீடு காட்டியவளுக்கு, வீடு யாருக்கு என்று ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லையே. தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த மாளிகையைத் தள்ள ஆரம்பித்தாள். அது அசைந்தால்தானே. சத்தம் கேட்டு மருமகள் வெளியே வந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"என்ன அத்தை பண்றீங்க? இடுப்பு பிடிச்சுக்கப் போகுது."

"கொல்லைப்பக்கம் கொண்டு போகணும்மா. நீ போ, நீ வேற அந்த நாய் முடியெல்லாம் மேல ஒட்டிக்காத."

மருமகள் போகவில்லை. பழைய நைட்டி ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு வந்து மறுபக்கம் பிடித்தாள். இரண்டு பேருமாக முன்னும் பின்னுமாக நகர்த்தி நகர்த்திச் சந்து வழியாகக் கொல்லைக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது மருமகள் கேட்டாள்.

"நான்தான் அதைத் துரத்துறேன்னு நினைக்கிறீங்களா அத்தை?"

"நினைச்சேன்" என்றாள் சாவிக்காரம்மா. பொய் சொல்கிற அளவுக்கு உடம்பில் தெம்பில்லை. "முதல் ரெண்டு நாள் நினைச்சேன். அப்புறம் பாப்பா மூச்சு இழுக்கிறதைப் பார்த்துட்டு, உன்னை அப்படி நினைச்சதுக்கு என்னையே செருப்பால அடிச்சுக்கணும்னு இருந்துது."

மருமகள் நைட்டிக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "சரி, பிடிங்க" என்றாள்.

சமையலறைச் சுவரோடு ஒரு பக்கம் ஒட்டுகிற மாதிரி வைத்தார்கள். சுவரின் அந்தப் பக்கம் அடுப்பு, குழாய், நாள் முழுக்கப் பாத்திரச் சத்தம். மழைத்தண்ணீர் ஓடினால் நனையக்கூடாது என்று நான்கு மூலைக்கும் செங்கல் கொடுத்தாள். சாரல் வருகிற பக்கத்துக்கு வாசலின் முகத்தைக் காட்டாமல் கொல்லைக்கதவைப் பார்க்கத் திருப்பினாள். இரண்டு ஜன்னலையும் சாத்தி ஆணி அடித்தாள். உள்ளே குறுக்காக ஒரு பலகையை நிறுத்திப் பாதியை அடைத்தாள். இப்போது அது கடைக்காரர் முதலில் தட்டிக் காட்டிய சின்ன வீட்டின் அளவுக்கு வந்துவிட்டது. வாசலில் ஒரு கோணியைப் பாதிக்குத் தொங்கவிட்டாள். பழக்கடையில் பெட்டிக்குள் போடுகிற வைக்கோலை வாங்கி வந்து பரப்பி, அதன்மேல் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்த அந்தப் பழைய போர்வையை, துவைக்காமல், அதன் முடியும் நாற்றமும் அப்படியே இருக்க விரித்தாள்.

கூப்பிடவில்லை. காற்றைப் பார், வெளிச்சத்தைப் பார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொல்லைப்படியில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அட்வான்ஸ் கோணியை மோந்தது. தலையை விட்டது. எடுத்தது. அவளைப் பார்த்தது. அவள் பார்க்காத மாதிரி தேய்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் அது உள்ளே போய், மூன்று சுற்றுச் சுற்றி, போர்வையைக் காலால் கிளறிவிட்டு, சுவர்ப்பக்கம் முதுகைக் கொடுத்துப் படுத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டது. மனுஷர் விடுகிற மாதிரியே ஒரு பெருமூச்சு. தைலம் அத்தனையும் அவள் மடியில் கொட்டிப்போனது.

அன்றைக்கு ஊளை இல்லை. விடியற்காலையில் ஒரு தடவை முனகியது, மருமகள் தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறையில் டம்ளரை வைத்த சத்தம் கேட்டு அடங்கிவிட்டது. சனிக்கிழமை குழந்தை எட்டு மணிவரை தூங்கியது. மகன் எழுந்து மணியைப் பார்த்துப் பயந்துபோய், குழந்தை மூச்சு விடுகிறதா என்று குனிந்து பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. மரக்கடைக்காரர் சொன்னபடி வந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லி அனுப்ப மகன் மறந்துபோனானா, ஒரு நாள் அமைதியை நம்பவில்லையா, அவனுக்கே தெரியாது. மரக்கடைக்காரர் மழைக்கோட்டோடு, கையில் சங்கிலியோடு கொல்லைக்கு வந்து குனிந்து பார்த்தார். அட்வான்ஸ் கோணிக்குப் பின்னாலிருந்து அவரைப் பார்த்தது. உறுமவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"வாடா, வா. பெரிய இடம்டா நம்மது" என்றார் அவர்.

சாவிக்காரம்மா மகனைப் பார்த்தாள். அவன் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எட்டு வருஷம் வளர்த்த நாயைக் கொடுக்காதே என்று சொல்ல அவளுக்கு வாயிருந்தது. ஆனால் மூச்சு இழுக்கிற குழந்தையை வைத்துக்கொண்டு அவள் எந்த உரிமையில் சொல்வாள்? வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு எவ்வளவு குரல் உண்டோ அவ்வளவுதான் தனக்கும் என்று அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றியது. அவளைச் சுட்ட நினைப்பு அதுதான்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருமகள் சமையலறை ஜன்னலுக்கு வந்தாள்.

"அது வராதுங்க" என்றாள் மரக்கடைக்காரரிடம். "அதுக்கு இங்க வீடு இருக்கு."

மரக்கடைக்காரர் மகனைப் பார்த்தார். "என்னப்பா, நீதானே வரச் சொன்ன?"

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்றான் மகன். முகத்திலிருந்து ஒரு வாரத்துச் சோர்வு இறங்கியது அப்போதுதான். "மழையில வந்திருக்கீங்க. ஒரு டீ சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் டீ குடித்தார், மழையைத் திட்டினார், தன் பங்காளியின் வீட்டுக்குக் குடி வர ஆள் கிடைக்குமா என்று சாவிக்காரம்மாவிடம் விசாரித்துவிட்டு, சங்கிலியை எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் மழை விட்டு விட்டுப் பெய்தது. குழந்தை, மகன், மருமகள் மூவரும் ஒரே கட்டிலில் குறுக்கும் நெடுக்குமாகத் தூங்கி எழுந்தார்கள். சாவிக்காரம்மா கொல்லைக்கதவைத் திறந்து நின்றாள். அவள் எந்த நேரத்தில் எங்கிருந்து வந்தாலும், செருப்புச் சத்தம் கேட்டதுமே விழுந்தடித்துக்கொண்டு ஓடி வருகிற நாய் அது.

"அட்வான்ஸ்" என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

அது தலையைத் தூக்கிப் பார்த்தது. வைக்கோல் சரசரக்க இரண்டு தடவை வாலை ஆட்டியது. பிறகு தலையைப் போர்வைமேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. வெளியே அவ்வளவு ஈரம், உள்ளே அவ்வளவு கதகதப்பு. அது ஏன் வரப்போகிறது?

நல்லதுதானே. இதற்குத்தானே அவள் ஒரு வாரமாக உயிரை விட்டாள். மரக்கடைக்குப் போகாமல் பிழைத்தது, வீடு பிடித்துப்போனது, குழந்தைக்கும் பாதகமில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஊரில் பாதிப் பேரைக் குடி வைத்தவள், எல்லோரையும் வாசலில் விட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். ஒரு நாளும் எதுவும் தோன்றியதில்லை. இன்றைக்கு மட்டும் அவளால் அந்தப் படியை விட்டு நகர முடியவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மருமகள் பின்னால் வந்து நின்றாள். "என்ன அத்தை, உள்ள போகலையா அது?"

"போயிடுச்சும்மா. நல்லாப் படுத்திருக்கு."

"அப்புறம் எதுக்கு அழறீங்க?"

"அதுக்குப் பிடிச்சுப்போச்சு" என்றாள் சாவிக்காரம்மா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. "கூப்பிட்டேன். வரல."

மருமகள் அவள் தோளில் கை வைத்தாள். உள்ளே குழந்தை ஒரு தடவை இருமியது.

"சாரல் அடிக்குது அத்தை. கதவைச் சாத்திடுங்க" என்றாள் கடைசியில்.

சாவிக்காரம்மா இன்னும் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.